நீலத் தாள்

மதியச் சாப்பாட்டு வேளையில் ஒட்டுக்காரர் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டதும் அவள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செய்கிற, வீட்டுக்குள் வெக்கையைத் தணிக்கும் படலத்தைக் கூரை கூரையாய் ஏறி ஒட்டுகிறவர் அவர்.

"நீலத் தாளை உரிக்கிற வரைக்கும் கொதிக்கும்க்கா. உரிச்சு கொஞ்ச நேரத்துல, உச்சி வெயில்லகூட தொட்டா ஜில்லுங்குது. கரண்டு ஒண்ணும் வேணாம். சூட்டை வானத்துக்கே அனுப்பிடுது."

"உரிக்கலைன்னா?"

"உரிக்காம எவன் விடுவான்!" என்று சிரித்தார்.

அவள் விட்டிருந்தாள். எட்டு வருஷமாக அவளுடைய வேலையே படலத்தின் மேல் காப்புக்காக ஒட்டியிருக்கும் அந்த நீலத் தாள் எங்கும் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான். ஒரு நகம் பட்டிருந்தால்கூடச் சுருளையே கழித்துவிடுவாள். கழித்த துண்டுகளை மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் போய்த் தன் வீட்டுத் தகரக் கூரையில் ஒட்டியபோதும், தூசி படக்கூடாதென்று தாளைப் பத்திரமாக விட்டுவைத்தாள். கெட்டிக்காரிதான்.

கூரைக்குக் கீழே அவள் கணவன் கிடந்தான். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், இது இரண்டாவது கோடை. படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப்புண் ஆற வேண்டுமானால் வேர்வை படாமல் அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒட்டிய நாளிலிருந்து தினமும் கேட்டாள், "எப்படிங்க இருக்கு?" தினமும் அவன் சொன்னான், "குளுகுளுன்னு இருக்கு." அதை நம்பி, கடகடவென்று சத்தம் போட்ட மேசை விசிறியையும் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டாள்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாய் வந்தாள். ஏணி போட்டு ஏறிக் கைவைத்தாள், சுட்டது. பன்னிரண்டு நாள் வெந்த தாள் முழுசாக வராமல் நார் நாராகக் கிழிந்தது. "பாவி, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாள். இரண்டு விரலில் ரத்தம் வந்தது. கடைசித் துணுக்கும் போன பிறகுதான் இறங்கினாள்.

அவன் விழித்திருந்தான். கூரைமேல் அவள் தன்னையே திட்டிக்கொண்டது அவனுக்குக் கேட்டிருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படிங்க இருக்கு?" பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"அந்தப் போர்வையைக் கொஞ்சம் எடுத்துப் போடேன். உடம்பு நடுங்குது" என்றான்.

அவள் போர்வையை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே மெதுவாகக் கையை விட்டாள். விரிப்பு வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடகடவென்று அடித்துக்காட்டினான்.