ஒழுகாத லாரி

நான் பெயிண்ட் அடித்த சிப்பாயைப் பார்த்துக் குறை சொன்னவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் ஸ்ரீதர். எதையாவது குறை சொல்லாவிட்டால் அவருக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்காது, அதனால் அவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை. இன்னொருவர் பக்கத்து வீட்டு குணசேகரன் அண்ணன். அவர் சொன்ன குறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள் நான். நாள் முழுக்க ஜன்னல் ஓட்டைக்கு அந்தப் பக்கம் முகங்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மின்சார ரயில் பிடித்துத் திருத்தணியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், கண்ணில் பூதக்கண்ணாடி லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டங்குல உயரச் சிப்பாய்களோடு உட்கார்ந்துவிடுவேன். பிளாஸ்டிக் பாகங்களாக வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, அவர்கள் நிற்க மண்ணும் புதரும் செய்து கொடுப்பது என் பைத்தியம். பத்து வருஷமாகிறது. அலமாரி நிறையப் பட்டாளம். சொந்தக்காரர்கள் வந்தால், "ஹேமாவதி வீட்ல வருஷம் பூரா கொலுதான்" என்று சிரிப்பார்கள். லென்ஸைக் கையில் கொடுத்து, சட்டைப் பொத்தானை எண்ணச் சொல்வேன். அதற்கப்புறம் சிரிப்பு வராது.

குணசேகரன் அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், தபால் அட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவோடு வந்தார். எண்பத்தேழில் ராஜஸ்தானில் எடுத்தது. மணல்வெளி. ஒரு லாரி. அதன் முன்னால் ஏழு பேர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில், லாரி மூக்கின்மேல் கையைப் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வயது குணசேகரன்.

"இத்த அப்பிடியே செஞ்சு குடும்மா. ஆனா எட்டு பேரா நிக்கணும்."

"போட்டோவுல ஏழு பேருதானே இருக்கீங்க?"

"எட்டாவது முனியன். கேமரா அவன்து. எங்க எல்லாரையும் அவன்தான் புடிச்சான். அவன ஒரு தபா புடிப்போம்னு எங்க எவனுக்கும் தோணல பாரு."

முனியன் ஆர்.கே.பேட்டைக்காரர். தொண்ணூறில் ஒரு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். அப்போது அவர் மகள் கவிப்பிரியாவுக்கு ஒரு வயது. இப்போது அவள் ஆர்.கே.பேட்டையில் நாலு விசைத்தறி வைத்து நடத்துகிறாள். அப்பா என்று அவளிடம் இருப்பது ஒரு கல்யாணப் போட்டோவும் ஓர் அடையாள அட்டைப் படமும்தான். இரண்டிலும் அவர் விறைத்துப்போய் இருக்கிறார்.

இந்தப் பக்கத்து முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். இந்த வருஷம் முதல்முறையாக அவளும் வருவதாக இருந்தாள். அதைச் சொல்ல அண்ணனுக்குப் போன் செய்தவள் ஒன்று கேட்டிருக்கிறாள்: "பெரியப்பா, அப்பா உங்க கூடல்லாம் இருக்கறப்ப எப்பிடி நிப்பாரு?"

"வாய மூடாத ஆளு நானு," என்றார் அண்ணன். "அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரல. அந்தப் பொண்ணு வந்தா, இந்தா, இதான் உங்கப்பன் நின்ன நிலைன்னு நான் காட்டணும்மா. வெறுங்கையோட அது மூஞ்சில முழிக்க முடியாது."

"செஞ்சிடலாம்ணா," என்றேன். எனக்கு அதில் துளி சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த வாரங்களில் நான் அலைந்த தூரத்தைக் கோயிலுக்கு நடந்திருந்தால் முருகன் நேரில் வந்திருப்பான். ஒரு ஞாயிறு பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறி, லுங்கி நெய்கிற ஒரு வீட்டில் தறிக்கடியில் விழுந்த கழிவு நூலை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். எதிரி கண்ணுக்கு மறைக்க லாரிமேல் போர்த்தும் வலைக்கு அதைவிட நல்ல சரக்கு எந்த ஊரிலும் கிடைக்காது. இன்னொரு நாள் அரக்கோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் பட்டாள லாரி ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, டேப்பை எடுத்துப்போய் அதன் சக்கரத்தை அளந்தேன். காவல்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேடம் எந்த ஆபீஸ்?" என்றார். "ராணுவம்," என்றேன். நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மீதியைத் தோட்டம் கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் எனக்கு நாலு பாத்தி உண்டு. வெண்டை, கனகாம்பரம், ஒரு பக்கம் துளசி, ஓரமாக வெட்டிவேர். காய்ந்த துளசிக் கதிரை ஒடித்து நட்டால் பாலைவனத்து முள்மரம். வெட்டிவேரை நறுக்கினால் காய்ந்த புல். நந்தியாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்துத் தோசைக்கல்லில் வறுத்தபோது ஸ்ரீதர் மட்டும், "நாளைக்கு இந்தக் கல்லுலதான் எனக்கு தோசையா?" என்றார். "ஆங், மொறுமொறுன்னு வரும்," என்றேன்.

ஏழு பேரும் நன்றாக வந்தார்கள். என் வேலையில் வெளிச்சம்தான் எல்லாம். அது எங்கிருந்து விழுகிறது என்று தெரியாமல் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. போட்டோவில் சாயங்கால வெயில் நேராக அவர்கள் முகத்தில் அடிக்கிறது, கண்களைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள், அவர்களுடைய நிழல் பின்னால் லாரிமேல் விழுகிறது. அதையெல்லாம் பிடித்தேன். படத்தின் கீழ் ஓரத்தில், லாரிக்கு முன்னால் மணலில், கறுப்பாக ஒரு கறை இருந்தது. எண்ணெய் ஒழுகிய இடம். அதைக்கூட விடாமல் கறுப்பு வைத்து, மேலே பளபளக்க வார்னிஷும் கொடுத்தேன்.

அண்ணன் வந்து பார்த்தார். சிரித்த முகம் கறையைப் பார்த்ததும் சுருங்கியது.

"இது இன்னாது?"

"ஆயில்ணா. உங்க வண்டி ஒழுகினது."

"என் வண்டி ஒழுகாது."

"போட்டோவுல இருக்குதுண்ணா."

"போட்டோவுல இன்னா வேணா இருக்கட்டும். தெனம் காலைல வண்டிக்கடியில படுத்து நட்டு நட்டா பாத்தவன் நானு. பதினாறு வருசம் ஓட்டினேன், ஒரு சொட்டு கீழ வுழுந்ததில்ல. அழிச்சிடு."

"கண்ணுல பட்டத நான் அழிக்க மாட்டேண்ணா."

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். லாரிக்காரர் ரோஷம் என்று நானும் விட்டுவிட்டேன். படத்தில் இருப்பது இருக்கிறது, இதில் என்ன வழக்கு?

ஆனால் எட்டாவது ஆள் என்னைப் படுத்தி எடுத்தார். இரண்டங்குல ஆளுக்கு முகம் பெரிதில்லை, நிற்கிற நிலைதான் சாயல். முனியனை இடுப்பில் கைவைத்து நிற்க வைத்தேன். "இவன் இல்ல," என்றார் அண்ணன். கைகட்டி நிற்க வைத்தேன். "இல்லம்மா." லாரிப் படியில் ஒரு காலை வைத்துச் சாய்த்தேன். ரொம்ப நேரம் லென்ஸில் பார்த்துவிட்டு, "இது எவனோ," என்றார். "எப்பிடித்தாண்ணா நிப்பாரு, சொல்லுங்களேன்," என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் பயந்த குரலில், "பாத்தா தெரியும்மா. சொல்லத் தெரியல," என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பத்து வருஷத்தில் என் கைக்கு வராத ஆள் என்று ஒருவன் இருந்ததில்லை.

கிருத்திகை முடிந்தது. காவடிக் கூட்டம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஞாயிறுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கும்போது, செய்தது வரைக்கும் போட்டோ எடுத்து வைக்கலாம் என்று லாரியும் ஆட்களும் நிற்கிற பலகையைத் தூக்கிப்போய்த் தோட்டத்தில் துணி துவைக்கிற கல்மேல் வைத்தேன். புதிதாக முடித்த எதையும் நான் அங்கே வைத்துத்தான் எடுப்பது. மேகம் விலகி மேற்கே நல்ல வெயில். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு போனைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். என் நிழல் மணல்மேல் விழுந்து படத்தைக் கெடுத்தது. நகர்ந்துகொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முனியனுக்கும் வெயில் முதுகில்தானே அடித்திருக்கும்?

உள்ளே ஓடிப் போட்டோவை எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஏது, கறை ஏது! இரண்டு பக்கமும் விரிந்த முழங்கைகள். கேமராவில் இடிக்காமல் பின்னால் தள்ளிய தொப்பி. இடது தோள்பக்கம் சாய்ந்த தலை. இடுப்போடு படம் முடிந்துவிடுகிறது. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஏழு பேர் முகத்தில் வெயிலைச் சரியாக வைத்த மகராசிக்கு, வெயிலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்பது தெரியவில்லை.

சுவர் பக்கம் போய், "அண்ணா!" என்று நான் கூப்பிட்ட கூச்சலில் ஸ்ரீதர் பாம்பு என்று நினைத்துக் கழியோடு வந்துவிட்டார்.

அண்ணன் வந்து போட்டோவை லென்ஸில் பார்த்தார். அவர் தலை தன்னை அறியாமல் இடப்பக்கம் சாய்ந்தது.

"கழுத்த இப்பிடிச் சாச்சுகினு," என்றார். "படம் புடிக்காதப்பவும் இப்பிடித்தாம்மா. டீ குடிச்சாலும், திட்டு வாங்கினாலும். டேய் முனியா..." துவைக்கிற கல் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்து முடித்ததும், "இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? நாளைக்குள்ள ஆளச் செஞ்சிடு," என்றார்.

"ஆளு வேணாம்ணா. நிழலு போதும்."

"இன்னா பேசற நீ? அது அப்பனத் தேடிகினு வருது. நிழலக் காட்டி அனுப்பறதா?"

"லாரி முன்னாடி அவரு நிக்கவே இல்லியேண்ணா. நிக்காத எடத்துல வெச்சா, நீங்க சொன்ன மாதிரி எவனோதான். நின்ன எடத்துல விடுங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. "பொண்ணு மனசு நொந்துச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்," என்று எழுந்து போனார். சொல்கிறேன் என்றேன்.

தரையில் நிழலைப் பெயிண்டால் வரைவது என் வேலையில் பெரிய பாவம், அதை வெளிச்சமே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். சனிக்கிழமை லீவு போட்டு அந்தப் பாவத்தைச் செய்தேன். வார்னிஷைச் சுரண்டி எடுத்து, புது மணல் தூவி, கறுப்பைத் தொடாமல் மணல் நிறத்தையே மெல்ல மெல்ல இருட்டாக்கி, முழங்கை, தொப்பி, சாய்ந்த கழுத்து எல்லாம் கொண்டுவந்தேன். இடுப்புக்குக் கீழே பலகை முடிந்துவிட்டது. மூன்று போலி முனியன்களையும் டப்பாவில் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜைமேல் பலகையை வைத்தோம். பழைய ஆட்கள் சுற்றி நின்று அவரவரைக் கண்டுபிடித்து, "தொப்பையில்லாம எப்பிடி கீறேன் பாரு" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிப்பிரியா வந்ததும் வழிவிட்டார்கள். நெற்றியில் திருநீறு, கையில் மலைப் பிரசாதம். மேலேயிருந்து குனிந்து விரலால் எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள்.

"அப்பா எது பெரியப்பா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது.

"மேல இருந்து பாக்காதம்மா," என்றேன். "இந்த ஓரத்துக்கு வந்து, நல்லா குனிஞ்சு, அவங்க மூஞ்சிக்கு நேரா பாரு."

பிரசாதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பலகை விளிம்பில் முகவாய் படும்படி குனிந்தாள்.

"எல்லாரும் என்னியே பாத்து சிரிக்கிறாங்க, அக்கா."

"உன்ன இல்லம்மா. உங்கப்பாவ."

அவள் நிமிரவில்லை. அவள் முகவாய்க்கு நேரே மணலில் கிடந்த நிழலை நான் விரலால் காட்டினேன். முழங்கை, தொப்பி, கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிழலைத் தொடாமல் அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். விளிம்பு வந்ததும் விரல் நின்றது. தான் குனிந்து நிற்கிற இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இங்கயா நின்னாரு?" என்றாள். "இங்கதான்," என்றேன். மறுபடி குனிந்து அந்த ஏழு பேரைப் பார்த்தவள், அழுதுகொண்டே அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ரொம்ப நேரம் அவள் அங்கிருந்து நகரவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் யாரும் போகவில்லை. குணசேகரன் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, மண்டபத்துக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"பாத்தியா? என் வண்டி ஒழுகல."

"ஒழுகலண்ணா," என்றேன்.