அதிபருக்கு முன் ஒரு வழக்கு

இரு கைகளாலும் தூதர் நியமனக் கடிதத்தை நீட்டியபடி நிற்கிறேன், உயரமான ஜன்னல்களுக்கு வெளியே கடல் எரிகிற நீலம், அந்தத் தீவு நாட்டின் அதிபர் அதை வாங்கிக்கொண்டு, இந்தியாவில் எந்தப் பக்கம் நீங்கள் என்று சிரிக்கிறார், தெற்கே நிலம் முடிகிற இடம் என்கிறேன், சொல்லும்போதே நாகர்கோவில் கோர்ட் வராந்தாவில் நிற்கிறேன், கழுத்தை அறுக்கும் புது வெள்ளைப் பட்டை, எதிரில் பிலோமி, மீன் விற்றுவிட்டு நேராக வந்தவள், கடற்கரைச் சண்டையில் போலீஸ் பிடித்துப்போன புருஷன் ததேயுவுக்கு ஜாமீன் வேண்டும் அவளுக்கு, நீங்க சின்னப் புள்ளைல்லா வக்கீலம்மா, ஜட்ஜிக்க முன்ன வாய் தொறக்குமா என்கிறாள், திறந்தது, ஜாமீனும் கிடைத்தது, பிறகு அந்த வாய் மூடவே இல்லை, சில வருஷம் கழித்து நான் தேர்தலில் நிற்கிறேன், ஜீப்பின் மேல் ஏறி நின்று பிலோமி கத்துகிறாள், ஓட்டுப் போடுங்க மக்கா, இவ வாய மூட ஆராலயும் முடியாது, சட்டமன்றத்தில் மணி அடிக்கிறது, உறுப்பினர் அமரவும், மைக்கை நிறுத்திவிட்டார்கள், அலையைத் தடுக்கக் கல்சுவர் கேட்டு நான் மைக் இல்லாமலே கத்துகிறேன், மந்திரி காதைப் பொத்திக்கொண்டு, கட்டித் தருகிறேன் அம்மா, உட்காருங்கள் என்கிறார், அவை முழுக்கச் சிரிப்பு, கட்டியும் கொடுத்தார்.

அந்த வாயை அடக்கத்தான் உன்னைத் தூதராக்கித் தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள், வந்து இறங்கிய வாரமே பிலோமியின் போன், எனக்க ஆளும் கூடப் போனவங்களும் ஒங்க தீவு ஜெயில்ல கெடக்காவ வக்கீலம்மா, இன்ஜின் நின்னுபோச்சு, போட்டு தண்ணி இழுத்த பக்கமா எல்லை தாண்டிப் போயிட்டு, நான் என்ன செய்வேன், கடிதம் கொடுக்கும்வரை தூதர் தூதரே இல்லை, பேச உரிமையில்லை, காத்திருந்தேன், இன்று கார் கதவைத் திறக்கும்போது நெறிமுறை அதிகாரி, உள்ளே வேலை விஷயம் கூடாது மேடம், வானிலையைப் புகழுங்கள், போதும் என்றார்.

புகழ்ந்திருக்கலாம், நான் சொன்ன அந்த ஊர் மீனவர்கள் உங்கள் சிறையில் இருக்கிறார்கள் மை லார்ட் என்று வாய் சொல்லிவிட்டது, அதிகாரி இருமுகிறார், அதிபரின் புருவம் ஏறுகிறது, இனி இறங்க வழியில்லை, அவர்கள் நுழையவில்லை, இன்ஜின் நின்ற படகைத் தண்ணீர் கொண்டுவந்து விட்டது, தண்ணீர் எல்லையைப் பார்த்தா ஓடுகிறது என்கிறேன், அப்படியானால் மன்னிப்புக் கேட்கிறீர்களா என்கிறார், ஆம் என்றால் போதும், ததேயு வெளியே, ஆனால் எனக்குள் கறுப்புக் கோட்டு நெளிகிறது, மன்னிப்பு தப்புச் செய்தவர்களுக்கு, இவர்களுக்கு விடுதலை போதும், சொன்ன பிறகுதான் மூச்சு விடுகிறேன், பிலோமி, உன் ஆளைக் கெடுத்துவிட்டேனா, அதிபர் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார், நானும் வக்கீல் கோட்டு போட்டவன்தான், இந்த வழக்கில் உங்களை எதிர்த்து நிற்க என் அரசு வக்கீலை அனுப்ப மாட்டேன் என்கிறார், அந்தச் சிரிப்பு ஓயும் முன்பே ஜெயில் வாசலில் நிற்கிறேன், தாடியும் கூசும் கண்ணுமாக ததேயு வருகிறான், போனைக் கொடுக்கிறேன், ஏ மனுசா, இன்ஜின மாத்தும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீரா என்று கடல் தாண்டி பிலோமி பொரிகிறாள், அழுகையும் சிரிப்புமாகப் பொரிகிறாள், நிறுத்தவே இல்லை, அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், வக்கீலம்மா, நான் திரும்ப உள்ளேயே போயிரட்டா என்கிறான்.