குழாய்க்கு மாட்டிய பனியன்

தொண்ணூற்று நாலில் தாராபுரம் ரோட்டில் கிட்டுசாமி கட்டிய வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. கொத்தனார் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கிட்டுசாமியேதான் வேண்டாம் என்றான்.

“ஊடு பூரா ஏசிங்ணா. அப்பறம் ஜன்னல் எதுக்குங்? கொசுவுக்கு வழி காட்டவா?”

மொட்டை மாடியில் மிஷின். அங்கிருந்து ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு தகரக் குழாய் கூரைக்கு அடியில் ஓடி, அறைக்கு அறை கம்பி ஜாலி வழியாகக் குளிர்காற்றை இறக்கும். தகரம் மட்டும் கடகடவென்று சத்தம் போட்டது. பனியன் கம்பெனிக்காரன் ஒருவன் குழாயை வெறும் உடம்போடு பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? நிட்டிங் மிஷினில் துணியும் குழாயாகத்தானே இறங்குகிறது. அளவு பார்த்து ஒரு துண்டை எடுத்துவந்து, தலையணைக்கு உறை போடுவதுபோல உள்பக்கமாக மாட்டிவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. சத்தமும் நின்றது.

குளிரில் தகரம் வேர்த்தது. வேர்வையைத் துணி குடித்தது. ஐப்பசி மழையும் சேர்ந்ததும் ஜாலியிலிருந்து ஒரு வாடை இறங்கியது. ஈரச்சாக்கில் பழம்புளியைக் கட்டிப் பரணில் போட்டு மறந்த வாடை. கிட்டுசாமியின் சம்சாரம் வள்ளியாத்தாள் சாம்பிராணி போட்டாள். புகை ஜாலிக்குள் போய்ச் சுற்றிவிட்டு, அதே வாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

வாடையோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு இளைப்பு கண்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்; அடுத்த வீட்டில் இருக்கிற எனக்கே கேட்கும். ஒருநாள் காலையில் பையைக் கட்டிவிட்டாள்.

“எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங். ஓட்டு ஊடுதான். ஆனா ஓட்டைல காத்து வருமுங்.”

“எப்ப வருவ அம்மிணி?”

“இங்க மூச்சு விட முடிஞ்சா சொல்லி உடுங். இல்லீன்னா நீங்களும் உங்க ஏசியும் நல்லா இருங்.”

கிட்டுசாமி என்னிடம் ஓடிவந்தான். என் புத்திசாலித்தனத்துக்காக அல்ல. தெருவில் ஏணி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஏணியில் ஏறி ஜாலியைக் கழற்றினோம். கறுப்பாக ஒரு துணி முனை தொங்கியது. கிட்டுசாமி இழுத்தான். வந்தது. அவன் மாட்டியது கூடத்து நீளம்தான். துணி கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டுக்கு இறங்கிய பிறகும் வந்துகொண்டே இருந்தது. பூஞ்சணம் அவன் துணியைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு தானே பின்னியிருக்கிறது.

வெயிலில்தான் அதன் நிறம் தெரிந்தது. மழை விட்ட நாற்றங்கால் பச்சை. அதில் வெள்ளை வளையங்கள், வளையத்துக்குள் வளையம், நடுவில் செம்மண் நிறத்தில் பொட்டு. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. பக்கத்திலிருந்த அவன் கம்பெனி ஆட்கள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். நிட்டிங் ஓட்டும் மயில்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனான்.

“பின்னல்ல ஒரு கண்ணிகூட உடலீங்க. எவன் ஓட்டுன மிசினுங்க இது?” என்றான். குரல் கோயிலில் பேசுவதுபோல இருந்தது.

ரோட்டின் குறுக்கே துணி கிடந்ததால் தாராபுரம் பஸ் நின்றது. மிதித்துக்கொண்டு போக டிரைவருக்கு மனசு வரவில்லை. அவரும் இறங்கி நின்று பார்த்தார்.

வள்ளியாத்தாள் பையோடு வந்து பஸ் படியில் ஒரு காலை வைத்தாள்.

“அம்மிணி, இத பாரு!” கிட்டுசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. “உலகத்துல எவனும் போடாத டிசைனு. உள்ள இன்னும் வளருது. அப்படியே உட்டம்னா...”

“அழகாத்தான் இருக்குதுங்,” என்றாள். அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது மூச்சு உடுது. எனக்குத்தான் முடியல.” அதற்குமேல் பேச விடாமல் நெஞ்சு விசில் அடித்தது.

கிட்டுசாமி துணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மயில்சாமியிடம், “இழுத்து முடி. ஒரு நூல் உள்ள இருக்கக் கூடாது. பூராத்தையும் காட்டுல போட்டுத் தீ வை,” என்று சொல்லிவிட்டு, கடப்பாறையை எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவரைப் பார்த்துப் போனான்.

புதுச்சுவர். நாலு போடு போட்டதும் செங்கல் சரிந்தது. வெயில் உள்ளே விழுந்து, கூடத்தில் எழும்பிய தூசியெல்லாம் பொன்னாக மாறி, ஒரு நிமிஷம் நின்று, எதிர்ச்சுவரையும் அவன் இடித்ததும் காற்றோடு வெளியே போயிற்று. நேரம் போகப்போக வாடை மெலிந்துகொண்டே வந்தது.

வள்ளியாத்தாள் வாசல் வழியாக வரவில்லை. ஓட்டை வழியாகக் குனிந்து வந்தாள். நடுக்கூடத்தில் நின்று மெதுவாக, முழுசாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். ரோட்டில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நெஞ்சில் சத்தமே இல்லை.

கண்டக்டர்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் அவள் இல்லாமல் தாராபுரம் போனது.