பாரா இல்ல

1
இந்தக் கதையை நான் கேட்டு எழுதவில்லை, ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். 1981இல் மலேசியாவில், ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் கோப்பு தூக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். பாதி என் காதில் விழுந்தது. மீதி, இன்று பென்ஷன்காரனான என் கொழுப்பு.

2
முதல் வரி: ‘கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ராக்காயியின் வயிற்றில் பலாப்பழம் அளவுக்குக் கட்டி...’

(பலாப்பழம் அதிகம். தேங்காய். சரி, மட்டை உரித்த தேங்காய்.)

மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. பால்மரம் வெட்டும்போதே தலை சுற்றும். புற்றுநோயோ என்று கர்ப்பப்பையில் துளிச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்கப் புருஷன் சன்னாசி மட்டும் ஈப்போ போனான்.

3
மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மலாய்க்காரப் பெண்; தமிழ் அரைகுறை. “பாரா இல்ல, அண்ணே” என்று சிரித்தாள். மலாயில் பாரா என்றால் புற்றுநோய். சன்னாசி காதில் விழுந்ததோ, “பரவாயில்ல, அண்ணே.”

சாவு வீட்டில் சொல்கிற ஆறுதல் அல்லவா அது! அழுதுகொண்டே வீடு வந்தான். லயத்து வீடுகளே, நோயாளிக்குக் கொடுக்க மைலோ டின்னோடு திரண்டன. (ஐந்நூறு பேர் என்று எழுதி அடித்துவிட்டேன். ஒன்பது.)

“மிஸ்ஸியே கைய விரிச்சிட்டா, புள்ள.”

“சிரிச்சாளா, அழுதாளா?” ராக்காயி கேட்டாள்.

“சிரிச்சா.”

“சாகப் போறவ புருஷனப் பாத்து எவய்யா சிரிப்பா?”

பக்கத்து வீட்டுச் செல்லாயி மூக்கைச் சிந்தினாள். “ஒன் செவப்புச் சேலைய எனக்குக் குடுத்துரு லா, அக்கா.”

“தாரேன்டி. நாளைக்கு அதக் கட்டிக்கிட்டு ஈப்போ போய்ட்டு வாரேன். எங்காதால கேக்கணும்.”

4
‘பேருந்தில் அவள் கண்ணீர் அருவியாக...’

(இல்லை. அவள் அழுததாக எழுதினால் பேனாவே திக்குகிறது.)

அவள் நேரே மிஸ்ஸியிடம் போய், மலாயிலேயே கேட்டாள். “பாரா அடா? தாக் அடா?” புற்றுநோய் இருக்கா, இல்லையா?

“தாக் அடா, அக்கா! பாரா இல்ல!”

ராக்காயிக்குப் புருஷன் காது பண்ணிய கோளாறு புரிந்தது. அப்புறம் சிரித்தாள். கூரை பறந்தது. (பறக்கவில்லை. நான் கோப்பைக் கீழே போட்டேன்.)

5
தமிழ் டாக்டர் விளக்கினார். “வெறும் சதைக்கட்டிம்மா. உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா ரத்தம் ரொம்பப் போகுது. கர்ப்பப்பைய எடுத்துரலாம். இல்ல, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு, தூரம் நிக்கிற வரைக்கும் பொறுக்கலாம். வீட்டுக்காரரக் கேட்டுட்டு வாங்க.”

“அவரு காது கேட்ட லட்சணம் போதும், டாக்டர். வயிறு என்னோடது. எங்கிட்டக் கேளுங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து கேட்டார். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள். நான் வெளியே.

அறுத்தாளா, பொறுத்தாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அவளைக் கேட்காமல் முடிவு செய்ய நான் யார்? கதையை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையது. ஒரே நிபந்தனை: சாகடிக்கக் கூடாது.