பழி ஸ்கேட் மேல்

ரெமி இந்த வாரமும் ஸ்கேட் மேல்தான் பழியைப் போட்டான்.

"கிளோவிஸ் அண்ணே, நீங்க தீட்டிக் குடுத்த லட்சணத்தப் பாருங்க. புள்ள நாலடி போறதுக்குள்ள விழுந்துடுது."

பனிச்சறுக்குத் தளத்தின் வாசலில் ஸ்கேட் காலணிகளின் அடித்தகட்டைத் தீட்டிக் கொடுக்கும் கிளோவிஸ், தகட்டை நகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல உன் தாடியையே வழிச்சிடலாம் தம்பி. போன வாரம் கூர் பத்தலன்ன, இந்த வாரம் கூர் அதிகம்ங்கற. வீட்டுல பொண்டாட்டி திட்டினா அத எங்கிட்ட வந்து காட்டாத."

பக்கத்தில் நின்ற ரெமியின் மனைவி ஜோசியானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயது மகள் ஓடில் பனிமேல் கால்களை விறைப்பாக அகட்டி வைத்து, ஆடி, மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு பறந்தார்கள். சமையலறையில் ஸ்கேட் கிடையாது. அங்கேயும்தானே விழுகிறாள் என்று ஜோசியான் நினைத்தாள். அதை ரெமியிடம் சொன்னால் தரையில் மெழுகு அதிகம் என்பான்.

அவர்கள் ஊரான சாக்னே ஆற்றங்கரையில் ஒருவன் தள்ளாடி நடந்தால் குடித்திருக்கிறான் என்று யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். எந்தக் காலத்திலோ படகேறி வந்த சில குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பெருகிய ஊர் அது. சாமான்களோடு பழுதான ஒரு மரபணுவும் கூடவே வந்துவிட்டது. நல்ல நிலையில் அந்த மரபணு செய்கிற புரதத்துக்கு வேலை, மற்ற புரதங்கள் ஒழுங்காக மடிய உதவுவது. துவைத்த சட்டையை மடித்துவைக்க ஆளில்லாவிட்டால் கசங்கிக் குவிந்துகிடக்கும் அல்லவா, அந்தக் கதிதான் நரம்புகளுக்கும். அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பழுதைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. இருவருமே கொடுத்துவிட்டால் பிள்ளையின் கால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் அங்கே கல்யாணப் பேச்சோடு பரிசோதனைப் பேச்சும் வந்துவிடும். கேட்டால் தபாலில் ஒரு பெட்டி வீட்டுக்கே வரும். ஜோசியானுக்குப் பழுது இருந்தது. மறைக்காமல் ரெமியிடம் சொன்னாள். சில வாரங்கள் கழித்து அவன், "எனக்கு ஒண்ணுமில்ல ஜோ, சுத்தம்" என்று அவளைத் தூக்கிச் சுற்றினான். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் போய் அத்தாட்சி கேட்பதா என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. ரெமி புது ஸ்கேட் வாங்கினான், பயிற்சியாளரை மாற்றினான், காலணிக் கடைக்காரனோடு சண்டை போட்டான். குற்றவாளியைத் தேடி இப்படி அலைகிறவன் ஒரே ஓர் இடத்தை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. வானொலியில் அந்த நோயின் பேச்சு வந்தால் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நிற்பான். புருஷனை இப்படி ஒளிந்திருந்து கவனிக்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கவனிப்பதை நிறுத்த முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஓடில் முன்னறையில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசியான் அடுப்பிலிருந்து எடுத்த துர்த்தியேர் அப்பத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் நிறைய வருகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி ரெமியின் தட்டில் வைத்தாள். சும்மா கேட்கிற குரலில் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்த டெஸ்ட் எடுத்தியே, உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

அவன் முட்கரண்டி நின்றது.

"அதுவா? சின்ன ஊசிதானே. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் ரத்தம் எடுத்தாங்க, அவ்ளோதான்."

"எந்தக் கையில?"

"இடது கை. எதுக்கு இப்ப அதெல்லாம்?"

ஜோசியான் அந்தப் பெட்டியைக் குளியலறையில் வைத்துப் பிரித்தவள். உள்ளே இருந்தது ஒரு சின்ன பிரஷ். கன்னத்தின் உட்புறம் தேய்த்து, உறையில் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்த எவனும் ஊசி என்று சொல்லமாட்டான்.

"ரெமி, அதுல ஊசியே கிடையாது."

அவன் முட்கரண்டியைக் கீழே வைத்தான். காது மடல்கள் சிவந்துவிட்டன.

"நான் பெட்டியப் பிரிக்கவே இல்ல ஜோ. உனக்கு இருக்குன்னு நீ ஏற்கெனவே சொல்லிட்ட. எனக்கும் இருக்குன்னு வந்துட்டா நீ போயிடுவ. எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது, எனக்கு மட்டும் எங்கேர்ந்து வரப்போவுதுன்னு..."

"போயிருப்பேனோ என்னவோ. அத நான்ல முடிவு பண்ணணும்! உன்ன யாரு பண்ணச் சொன்னா?"

தட்டை அவன் முகத்தில் வீச வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. முன்னறையிலிருந்து ஓடிலின் சிரிப்பு கேட்டது. போயிருந்தால் இந்தச் சிரிப்பு ஏது? அந்த நினைப்பு வந்ததற்காகவும் அவன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில நேரம் வாங்கியிருக்கேன். ஓடிலுக்கு."

"அவளுக்கும் பிரஷ்தானே?" என்றான், கெஞ்சுகிற மாதிரி.

"இல்ல. அவளுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பாங்க. நீதான் மடியில வச்சுப் புடிச்சுக்கணும். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு அவகிட்டயும் நீயே சொல்லு."