பத்தாயத்துக்கு அடியில் போன இயந்திரம்

1

இக்கதை கோபத்தில் பிறந்தது. என் பழைய மாணவன் மோகன்குமார் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறான். முன்பின் அறியாத இடத்தை ஓர் இயந்திரம் தானாகவே முழுவதும் சுற்றி முடிப்பது எப்படி என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதி, பிழை திருத்தித் தருமாறு அனுப்பியிருந்தான். முதல் வாக்கியத்திலேயே எழுவாய் வடக்கே போயிற்று. பயனிலை தெற்கே போயிற்று. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. இயந்திரத்துக்கு வீடு தெரியாது என்று எழுதியிருந்தான். முதலில் சுவரை ஒட்டி ஓரமாகவே போகும். பிறகு, உழவு மாடு சால் பிடிப்பதுபோல, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நடுவை நிரப்பும். போன இடம் அதன் படத்தில் நிறம் பெறும். போகாத இடம் வெறுமையாக நிற்கும். வெறுமை உள்ளவரையில் அதற்கு வேலை முடியாது.

அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. எனக்குத் தெருக்கோடி வீட்டுத் தமிழ்ச்செல்வியின் நினைவு வந்தது.

(ஊர் உத்திரமேரூர். பெயரைக் கேட்டதும் கல்வெட்டைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். இக்கதையில் கல்வெட்டு இல்லை. கல்லைப் போன்ற மனிதர் இருவர் இருக்கின்றனர்.)

2

முதல் தொடக்கம்: "கதிரவன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்த அந்த இனிய மாலைப் பொழுதில்..." அடித்துவிட்டேன். மாணவர் கட்டுரைகளில் நான் பார்த்த சாய்ந்த கதிரவன்கள் போதும்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரே கூரையின்கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன, ஆயினும்" ஆயினும் என்ன? இப்படித் தொடங்கியவன் அறிவுரையில்தான் போய் முட்டுவான். திரும்புகிறேன்.

மூன்றாவது நிற்கட்டும்.

தமிழ்ச்செல்வி இளைய மருமகளாக வந்த நாளில் அந்த வீட்டுக் கூடம் ஒன்றாக இருந்தது. மூத்த மருமகள் மலர்க்கொடியின் கூந்தல் ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. பிற்பகல்தோறும் அதைச் சிக்கெடுத்துப் பின்னுவது தமிழ்ச்செல்வியின் வேலை. பின்னல் முடியும்போது ஊரார் கதையும் முடிந்திருக்கும். சில நாள், கதை முடியவில்லை என்பதற்காகவே பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். அந்தப் பிற்பகல்களைப்போல எதுவும் பிறகு அவளுக்கு வாய்க்கவில்லை.

பின்னர் அண்ணன் சடையப்பனுக்கும் தம்பி வெங்கடேசனுக்கும் மோட்டார்த் தண்ணீரில் முறை யாருடையது என்று சண்டை வந்தது. பாகம் பிரித்தனர். தாத்தா காலத்து மரப் பத்தாயத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது வீட்டுக்குள்ளேயே செய்யப்பட்ட நெற்பெட்டி. எந்த வாசலிலும் நுழையாது. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனம் இல்லை. ஆகவே அதையே கூடத்தின் குறுக்கே நிறுத்தி, மேலேயும் பக்கங்களிலும் பலகை அடித்துச் சுவராக்கினர். கால்களுக்கு இடையில் மட்டும் ஒரு சாண் இடைவெளி நின்றது. இரு வீட்டாரும் இனிப் பேசுவதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தனர். சத்தியம் ஆண்களுடையது, வாயடைத்தது பெண்களுக்கும் சேர்த்து.

3

தமிழ்ச்செல்விக்கு முழங்கால் வலி. சென்னையில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தி, அம்மா குனிந்து பெருக்க வேண்டாம் என்று, தானாகவே பெருக்கும் வட்டமான இயந்திரம் ஒன்றை அனுப்பினாள். அலுவலகம் முடிந்தபின் தானும் கைபேசியில் பார்க்கலாம் என்பதற்காக தினமும் மாலை ஆறரை மணிக்கு அது தானே கிளம்பும்படி நேரம் குறித்துவைத்தாள்.

முதல் நாளே அது சுவரோரமாக வந்தது; பத்தாயத்தின் காலை முட்டிற்று; விலகி அடியில் நுழைந்து மறைந்தது. பாகப்பிரிவினையை அதற்கு யாரும் சொல்லவில்லை. அது திரும்பி வந்தபின், அது வரைந்த படத்தைப் பார்க்கத் தமிழ்ச்செல்வி கைபேசியைத் திறந்தாள். படத்தில் இருந்தது ஒரே வீடு. கூடம் முழுக் கூடமாக இருந்தது.

குப்பைப் பெட்டியைக் கொட்டினாள். புளியங்கொட்டை, கறிவேப்பிலைக் காம்பு, தூரிகையில் சுற்றிய நீள மயிர். கத்தரிக்கோலால் அறுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கடைசியாகப் பின்னியபோது அது கறுப்பு. இப்போது பாதிக்குமேல் நரை.

4

மறுநாள் இயந்திரம் அந்தப் பக்கம் போனதும் மலர்க்கொடியின் குரல் கேட்டது.

"இன்னா மெஷினு, நேத்தும் வந்த, இன்னிக்கும் வர? உங்க வூட்ல பெருக்க ஆளே இல்லியாமா?"

(ஜாடையாகப் பேசுவது எங்கள் பக்கத்துப் பெண்களின் பழங்கலை. நாயையோ காக்கையையோ பார்த்துச் சொன்னால் சத்தியம் முறியாது. இத்தனை ஆண்டுகள் இவர்களுக்குப் பொதுவாக ஒரு நாயும் வாய்க்காததுதான் குறை.)

தமிழ்ச்செல்வி சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, பத்தாயத்தின் அடியில் வாயை வைத்தாள்.

"ஆளு கீது மெஷினு. முட்டிதான் போயிடுச்சி. கேக்கறவங்களுக்குச் சொல்லு."

"மெஷினு வாங்குன துட்டுல டாக்டராண்ட போயிருக்கலாம்னு சொல்லு."

"போனேன்னு சொல்லு. எடைய கொறைன்றாரு. அந்தக் காலத்துல ஒருத்தி முறுக்கா சுட்டுப் போட்டு என்னைக் கெடுத்து வெச்சா, அவள கேளுங்கன்னேன்."

அந்தப் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பதில்லை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

"டப்பா மொத்தம் மயிரா கீது மெஷினு. தலைக்கு எண்ணெ வெக்கிறதில்லியாமா?"



"பின்றதுக்கு ஆளு இல்ல மெஷினு. அள்ளி முடிஞ்சிக்கினு கெடக்கறேன்."

5

சில நாட்கள் இப்படிப் போயின. ஒரு வெள்ளிக்கிழமை சடையப்பன் சீக்கிரமே வீடு திரும்பி, கூடத்தில் இயந்திரம் பெருக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். விளக்கு வைத்தபின் வீட்டைப் பெருக்கலாகாது. பெருக்கினால் லட்சுமி வெளியேறுவாள். இங்கே அடுத்த வீட்டுக்கே அல்லவா வெளியேறுகிறாள்!

"டேய்! வெள்ளிக்கியமையும் அதுவுமா எங்க வூட்டு லட்சுமிய மெஷினு வெச்சி வாரிக்கினு போறியா?"

வெங்கடேசன் பத்தாயத்தைப் பார்த்துக் கத்தினார்: "அங்க இன்னா லட்சுமி கீது வார்றதுக்கு? புளியங்கொட்டதான் வருது!"

"அந்தப் புளியங்கொட்டையும் எங்களுதுடா! குடுத்துட்டுப் போடா!"

(திட்டுவது பேச்சில் சேராது என்பது அவ்விருவரின் கொள்கை.)

தமிழ்ச்செல்வி இயந்திரத்தின் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றினாள். வெங்கடேசனுக்கு அது போதவில்லை.

"பகலும் வோணாம், ராத்திரியும் வோணாம். அந்தாண்ட போவவே கூடாது. அந்தப் படத்துல செவப்பா கோடு போட்டா தாண்டாதாமே, கீர்த்தி சொல்லிச்சி. போடு."

"போட்டா குப்ப அப்டியே நின்னுடும்."

"அவங்க குப்ப, அவங்க வாரிக்கட்டும். நாளைக்குள்ள போடு."

அன்று இரவு முழுதும் தமிழ்ச்செல்விக்கு ஒரே கணக்கு. கோடு விழுந்தால் இயந்திரம் போகாது. இயந்திரம் போகாவிட்டால் யாரைப் பார்த்துப் பேசுவது?

6

இங்கே வெங்கடேசன்மேல் எனக்கு ஐயம் வந்துவிட்டது. முதல் வரைவில் அவரை வெறும் முரடராக எழுதியிருந்தேன். அது சோம்பேறித்தனம். அதே இரவு அவர் குப்பைப் பெட்டியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் சூடேறத் தேய்த்துத் தம் முழங்கையில் வைத்துப் பார்த்தார் என்று சேர்த்திருக்கிறேன். சிறுவயதில் அண்ணன் தம்பி ஒருவர்மேலொருவர் சூடு வைத்து விளையாடிய நினைவா, வெறும் கைப்பழக்கமா என்பதை நான் அறியேன். அறிந்ததாக எழுதுபவரை நம்பாதீர்கள்.

முடிவுகளையும் ஓரமாகவே சுற்றிப் பார்த்துவிட்டேன்.

மலர்க்கொடிக்குக் கொடிய நோய், அதனால்தான் மயிர் உதிர்கிறது, குடும்பம் ஒன்றுகூடி அழுகிறது. வேண்டவே வேண்டாம்! உறவைச் சேர்ப்பதற்காக ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளும் வழக்கத்தை எழுத்தாளர்கள் என்றைக்கு விடப்போகிறார்கள்? அவளுக்கு வயதாகிறது. அவ்வளவே.

அண்ணனும் தம்பியும் பத்தாயத்தை உடைத்துவிட்டுத் தழுவிக்கொள்கின்றனர். நல்ல தேக்கு. உடைக்க மாட்டார்கள்.

கோடு விழுகிறது; இயந்திரம் பாதி வீட்டைப் பெருக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று தன் இடத்தில் போய் நிற்கிறது. இதுதான் நடக்கக்கூடியது. எழுதவும் தொடங்கினேன்: "தமிழ்ச்செல்வி பெருமூச்சு விட்டு" இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்லள்.

7

மறுநாள் பிற்பகல். சடையப்பன் டீக்கடைக்குப் போயிருந்தார். வெங்கடேசன் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"போட்டியா?"

"போடறேன் இரு."

விரலை இழுத்தாள். பத்தாயத்தின் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, சிவப்புக் கோடு விழுந்தது. சேமிக்கவா, நீக்கவா என்று கைபேசி கேட்டது.

அப்போது அந்தப் பக்கத்தில் நாற்காலிகள் இழுபடும் ஓசை. ஒன்று. இன்னொன்று.

"இன்னா மெஷினு, இன்னும் காணோம்? நாற்காலியெல்லாம் எடுத்துட்டேன். முட்டிக்காம வா."

வெங்கடேசன் வாய் திறந்தார். சொல்ல வந்தது என்ன என்று நானும் பலமுறை எழுதிப் பார்த்தேன். எதுவும் அவர் குரலில் ஒலிக்கவில்லை. தமிழ்ச்செல்வியின் கட்டைவிரல் திரைக்கு மேலே நிற்கிறது.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தக் கைபேசியை உங்களிடம் தருகிறேன். நிதானமாக யோசிக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒருத்தி, கடைசி நாற்காலியைத் தரையில் வைக்காமல், தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.