முப்பது வாட்டுக்குள்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வேலையிடத்தில் ‘மீட்டர்’ என்றுதான் பெயர். அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்காவுக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். கைகள் ஓய்ந்துவிட்டன, வாய் மட்டும் ஓயவில்லை. படுத்தால் மூச்சுக்கருவி வேண்டும்.

அவர்களுடையது மின்கம்பி எட்டாத தெருக்கோடி வீடு. கூரையில் பதித்த சோலார் தகடுகளும் ஒரு பேட்டரியும்தான் எல்லாவற்றுக்கும். அந்த பேட்டரியில் ஒரு பழைய கணினியும் பகலெல்லாம் ஓடியது. அக்காவின் நோயில் ஒரு புரதம் ஏன் தவறாக மடிகிறது என்று ஆராயும் திட்டம் ஒன்று, தன் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விரும்பிக் கேட்பவர்களின் கணினிகளுக்கு அனுப்பும். இரண்டு வருடமாகத் தங்கை அந்தத் துண்டுகளை வாங்கி, முடித்து, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடியது. மூன்றாம் நாள் மதியம் பேட்டரியின் அபாய மணி கத்தியது. தங்கை பாய்ந்து போய்க் கணினியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். மணி ஓய்ந்தது.

“ஏன்டி பிடுங்கின?” என்றாள் அக்கா.

“இருநூறு வாட் குடிக்குது அது. உன் கருவி நின்னு போச்சுன்னா?”

“நிக்கலையே. எனக்கு இருக்கிறதே ஒரே ஒரு நோய். அதுக்கு வழி தேடுற கணக்கை நிறுத்திட்டு என்னைக் காப்பாத்துறாளாம்! கம்மியா குடிக்கிறதா ஒண்ணு வாங்கிட்டு வா, போ.”

அக்காவிடம் மறுபேச்சு கிடையாது. தங்கை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். மூச்சுக்கருவிக்கு ஒதுக்கியதைத் தொடாமல், மேகமூட்டத்திலும் பேட்டரி தாங்கக்கூடியது முப்பது வாட். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது.

மறுநாள் காலை கணினிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கனமான லேப்டாப் ஒன்றைத் தூக்கி வைத்தார்.

“கணக்குப் போடுற வேலைன்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க மேடம். இருக்கிறதுலயே பெரிய ப்ராசஸர். புலி மாதிரி பாயும்.”

“புலிக்கு யாருங்க தீனி போடுறது? இது, அந்த மெல்லிசானது, நடுவுல இருக்கிறது, மூணுலயும் ஒரே வேலையை அரை மணி ஓட விடுங்க. அளந்து பார்த்துடறேன்.”

“எதை வெச்சு அளப்பீங்க?”

பையிலிருந்து மூன்று மின் அளவிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“முதல்ல மூணுலயும் சார்ஜ் நிரம்பட்டும்” என்றாள். “இல்லன்னா சார்ஜ் ஏறுற மின்சாரமும் இதுல சேர்ந்துடும்.”

அது நிரம்பும்வரை காத்திருந்துவிட்டு, தான் கொண்டுவந்திருந்த ஒரே கணக்குத் துண்டை மூன்றிலும் ஓட விட்டாள். பெரியது நூற்றிருபது வாட்டை விழுங்கியபடி காற்றாடி அலற, அரை மணியில் துண்டை முடித்தது. “பார்த்தீங்களா!” என்றார் கடைக்காரர். மெல்லியது பதினைந்து வாட்டுக்கு மேல் கேட்கவில்லை. ஆனால் காற்றாடி இல்லாத அந்த உடம்பு சூடேறி, முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நொண்டத் தொடங்கி, அரை மணி முடிவில் பதினைந்து சதவீதம்தான் முடித்திருந்தது. நடுவில் இருந்தது இருபத்தெட்டு வாட்டில் நாற்பது சதவீதம் முடித்திருந்தது.

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். “பெரியதுதானே ஜெயிச்சது?”

“ஓட்டப்பந்தயமா வெச்சோம்? ஒரு துண்டு முடிக்க எவ்வளவு மின்சாரம்னு பாருங்க. பெரியதுக்கு அறுபது வாட்-மணி. மெல்லிசுக்கு ஐம்பது. நடுவுல இருக்கிறதுக்கு முப்பத்தஞ்சு.”

“பெரியதையே வேகத்தைக் குறைச்சு ஓட்டினா?”

நல்ல கேள்விதான். அதையும் பார்த்தாள். அதில் படங்களுக்கென்று இருந்த தனி கிராஃபிக்ஸ் சிப், வேலையே செய்யாமல் பன்னிரண்டு வாட்டைத் தின்றது. நடுவில் இருந்ததில் அப்படி ஒட்டுண்ணி எதுவும் இல்லை; அதன் ப்ராசஸரின் எட்டு கோர்களும் நிதானமான வேகத்தில் சேர்ந்து இழுத்தன.

“இதையே கட்டுங்க” என்றாள். கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுக்கப் போகாமல், அவள் அளவுகளைக் குறித்திருந்த தாளைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் லேப்டாப்பின் அமைப்பை மாற்றி, எப்போதாவதுகூட முப்பதை மீறாதபடி ப்ராசஸரை இருபத்திரண்டு வாட்டுக்குள் கட்டுப்படுத்தினாள். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது; திரையோடு சேர்த்தும் முப்பதைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் நான்கு நாள் வெயிலே இல்லை. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கவில்லை. மூச்சுக்கருவியும் நிற்கவில்லை, கணக்கும் நிற்கவில்லை. நாலாம் நாள் மாலைக்குள் இருபத்தாறு துண்டுகள் போய்ச் சேர்ந்திருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்தாள்.

அன்றுதான் அக்காவுக்குக் கை கால் பயிற்சி தருபவர் வந்தார். திரையில் நகரும் சதவீதத்தைப் பார்த்து, தானும் இந்தத் திட்டத்தில் சேரப்போவதாகச் சொன்னார்.

“எந்த லேப்டாப் வாங்கலாம்னு உங்க தங்கச்சியைக் கேட்கணும்.”

“அவளை எதுக்குக் கேட்கிறீங்க?” என்றாள் அக்கா, தலையணையில் நிமிர்ந்தபடி. “முதல்ல உட்காருங்க. உங்க வீட்டுல எத்தனை வாட் மிச்சம் இருக்கு, அதைச் சொல்லுங்க.”